அறிவியல் வகுப்புக்குப் பொருளும் பணமும் திரட்டுவது எப்படி: அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

அரசு நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளில் அறிவியல் கற்பிக்கும் ஆசிரியரிடம் என்ன குறை என்று கேட்டால், "ஆய்வகம் இல்லை" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். உண்மையான பதில்தான். ஆனால் அதைக் கொண்டு யாரிடமும் ஒரு ரூபாய்கூடப் பெற முடியாது. "ஆய்வகம் வேண்டும்" என்று கேட்கும்போது கேட்கப்படுபவரின் மனத்தில் கட்டடம், மேசை, தண்ணீர்க் குழாய், இலட்சக்கணக்கில் செலவு என்று விரிந்துவிடுகிறது. அவரும் "பார்க்கலாம் சார்" என்று சொல்லி எழுந்துவிடுகிறார். அதே மனிதரிடம், "பத்தாம் வகுப்பில் 48 பேர் படிக்கிறார்கள், நான்கு பேருக்கு ஒன்று என்று பன்னிரண்டு குவிலென்சுகள் வேண்டும், இருப்பில் மூன்றுதான் உள்ளன" என்று சொல்லிப் பாருங்கள். ஒன்பது லென்சுக்கு எவ்வளவு ஆகும் என்று அவரே கேட்பார்.

ஆகவே இந்த வேலை தொடங்க வேண்டிய இடம் பாடநூல்தான். விடுமுறை நாளொன்றை ஒதுக்கி, நீங்கள் நடத்தும் வகுப்புகளின் அறிவியல் நூல்களை முதல் பாடத்திலிருந்து புரட்டி, ஒவ்வொரு செயல்பாட்டுக்கும் செய்முறைக்கும் தேவைப்படும் பொருள்களை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். எழுதியபின் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே, அது பள்ளியில் இருக்கிறதா, மாணவர் வீட்டிலிருந்து வருமா, காயலான் கடையில் கிடைக்குமா, கடையில் காசு கொடுத்தே வாங்க வேண்டியதா என்று குறியுங்கள். பள்ளியில் இருப்பதாகக் குறிக்கும் முன் பூட்டியிருக்கும் அலமாரியைத் திறந்து பார்ப்பது அவசியம். இருப்புப் பதிவேட்டில் உள்ளவை அலமாரியில் இல்லாமல் போவதைப் போலவே, பதிவேட்டில் இல்லாத நல்ல பொருள்கள் அட்டைப் பெட்டிக்குள் பிரிக்கப்படாமலே கிடப்பதும் உண்டு. நேர்மையாகச் செய்து முடித்தால் காசு கொடுத்து வாங்க வேண்டிய பட்டியல் நாம் அஞ்சியதைவிடச் சிறியதாக இருக்கும்.

காசில்லாமல் கிடைப்பவை

முதலில் காயலான் கடைக்குப் போங்கள். பழுதான ஒலிபெருக்கிக்குள் வலுவான வளையக் காந்தம் இருக்கிறது. உடைந்த பொம்மைக் காரிலிருந்து சிறு மின்மோட்டாரை எடுக்கலாம். அதன் அச்சை விரலால் சுழற்றி, முனைகளில் ஒரு மல்டிமீட்டரை இணைத்தால் அதுவே மின்னியற்றி. பழைய டிவிடி இயக்கிக்குள் இருக்கும் மிகச் சிறிய லென்சைக் கைப்பேசிக் கேமராவின் மேல் ஒட்டினால் வெங்காயத்தோலின் செல்கள் திரையில் தெரியும். மூக்குக்கண்ணாடிக் கடையில் கழித்துப்போட்ட படிப்புக் கண்ணாடிகளைக் கேட்டு வாங்குங்கள். கண்ணாடியின் திறன் கூட்டல் 4 டயாப்டர் (லென்சின் திறனை அளக்கும் அலகு) என்றால் குவியத் தொலைவு 25 செ.மீ., கூட்டல் 2 என்றால் 50 செ.மீ. சன்னலுக்கு வெளியே நிற்கும் மரத்தின் தலைகீழ்ப் பிம்பத்தை வெள்ளைத் தாளில் விழவைத்து, லென்சுக்கும் தாளுக்கும் இடையிலுள்ள தொலைவை மாணவர்கள் அளந்த பிறகு, கண் மருத்துவர் சீட்டில் எழுதும் எண்ணோடு அதை ஒப்பிடச் சொன்னால், ஒளியியல் பாடத்தின் லென்சுத் திறன் சூத்திரம் தாத்தாவின் கண்ணாடியில் வந்து அமர்ந்துகொள்ளும். விலை கொடுத்து வாங்கும் லென்சில் இந்த வசதி கிடையாது.

செம்பருத்தி இதழைச் சுடுநீரில் ஊறவைத்து எடுத்த சாறு, எலுமிச்சைச் சாற்றில் சிவப்பாகவும் சோப்புக் கரைசலில் பச்சையாகவும் மாறும். மஞ்சள் தடவிய தாள் சுண்ணாம்புத் தண்ணீரில் செந்நிறமாகும். பயன்படுத்தாத இரண்டு ஊசிக் குழல்களையும் ஒரு மெல்லிய குழாயையும் இணைத்தால் பாஸ்கல் விதிக்கு மாதிரி தயார். மருத்துவமனையில் பயன்படுத்திக் கழித்த ஊசிக் குழல்களை எக்காரணம் கொண்டும் எடுக்க வேண்டாம். மருந்துக் கடையில் புதியது சில ரூபாய்க்குக் கிடைக்கும்.

இப்படிச் செய்வதை வறுமையின் சமாளிப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. மத்தியப் பிரதேசத்தில் 1972-இல் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம், சிற்றூர்ப் பள்ளிகளில் எளிய பொருள்களைக் கொண்டு பிள்ளைகளே சோதனை செய்து கற்கும் முறையை அரசுப் பள்ளிகளுக்குள் கொண்டுசென்றது. கான்பூர் ஐஐடியில் படித்த அரவிந்த் குப்தா 1978-இல் தொழிற்சாலை வேலையிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு அங்கே சென்று, தீக்குச்சியையும் சைக்கிள் வால்வுக் குழாயையும் வைத்துக் கணித உருவங்களும் மூலக்கூறு மாதிரிகளும் செய்யத் தொடங்கினார். அவருக்கு 2018-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவருடைய இணையதளத்தில் நூற்றுக்கணக்கான அறிவியல் பொம்மைகளின் செய்முறைப் படங்களும், தமிழ்க் குரலுடன் கூடிய காணொளிகளும், பதிவிறக்கிக்கொள்ள நூல்களும் இலவசமாக உள்ளன. ஒரே ஓர் இடத்தைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் அதைப் பாருங்கள்.

காசு மிச்சம் பிடிக்கக் கூடாத இடங்களும் உண்டு. அடர் அமிலத்தைத் தண்ணீர்ப் புட்டியில் ஊற்றி வைப்பது, 230 வோல்ட் மின்சாரத்தில் சுற்று அமைப்பது, பாதரச வெப்பமானியைக் கீழ் வகுப்புப் பிள்ளைகள் கையில் கொடுப்பது, சூரிய கிரகணத்தை எக்ஸ்ரே படச்சுருள் வழியாகப் பார்க்கச் சொல்வது ஆகிய எதையும் சிக்கனம் என்று சொல்ல முடியாது. கண் பாதுகாப்புக் கண்ணாடி, முறையான புட்டி, தீயணைப்பு வாளி ஆகியவற்றை வாங்கும் பட்டியலில் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

திரையில் கிடைப்பவை

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அனைத்தும் மின்னூலாகக் கிடைக்கின்றன. அவற்றில் அச்சிடப்பட்ட விரைவுக் குறியீடுகள் (QR) வழியாக, 2017-இல் தொடங்கப்பட்ட ஒன்றிய அரசின் திக்‌ஷா தளத்தின் பாடங்களைத் திறக்கலாம். மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி நிறுவனம் 2023-இல் வெளியிட்ட மணற்கேணி செயலியில் பாடக் கருத்துகள் அசைவூட்டக் காணொளிகளாகத் தமிழிலேயே உள்ளன. இவை பெரும்பாலான ஆசிரியர்களுக்குத் தெரிந்தவை.

அவ்வளவாகப் பயன்படாமல் கிடப்பது, அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் நோபல் பரிசாளர் கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய 'ஃபெட்' பாவனையாக்கத் தொகுப்பு. மின்சுற்று, அடர்த்தி, அமில காரத் தன்மை, ஒளிவிலகல் எனப் பல தலைப்புகளில் மாணவர் தாமே மாற்றிப் பார்க்கும் பாவனைகள் அதில் உள்ளன. தமிழில் மொழிபெயர்க்கப்பட்டவையும் உண்டு. ஒருமுறை பதிவிறக்கிவிட்டால் இணையம் இல்லாமலும் இயங்கும். இணையம் விட்டு விட்டு வரும் பள்ளிகளுக்குக் கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். ஆங்கிலத்தில் படிக்கத் தயங்காத மாணவர்களுக்கு, அமிர்தா பல்கலைக்கழகமும் ஒன்றிய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கும் சேர்ந்து உருவாக்கிய 'ஓ-லேப்ஸ்' இணைய ஆய்வகம் 9 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கு உதவும். ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'ஃபைஃபாக்ஸ்' செயலி, கைப்பேசிக்குள் ஏற்கெனவே இருக்கும் உணரிகளைக் கொண்டு முடுக்கம், ஒலியின் அதிர்வெண், காந்தப்புலம் ஆகியவற்றை அளக்கிறது. ஆசிரியரின் பழைய கைப்பேசி ஒன்று போதும். ஊசலின் அலைவு நேரத்தை வகுப்பறையிலேயே வரைபடமாகக் காட்டலாம். வானியலுக்கு 'ஸ்டெல்லேரியம்' மென்பொருள் இலவசம்.

ஒரு சொந்தக் கருத்து. திரைப் பாவனையைக் கைச் செய்முறைக்குப் பதிலாக வைப்பவர்கள் பெருகிவருகிறார்கள். பாவனையில் மின்கம்பி எப்போதும் சரியாகத் தொடும், பல்பு எப்போதும் எரியும். எரியாத பல்பு ஏன் எரியவில்லை என்று தேடும்போதுதான் பிள்ளைக்குச் சுற்று புரிகிறது. ஆகவே கையால் சுற்று அமைத்துத் திண்டாடிய பிறகு, கண்ணுக்குத் தெரியாத எலக்ட்ரான் ஓட்டத்தைக் காட்டுவதற்காகத் திரையைத் திறங்கள்.

ஆளும் நிறுவனமும்

பொருளைக் கேட்பதைவிட ஆளைக் கேட்பது எளிது. 2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் வானவில் மன்றம் என்னும் திட்டம், 13,210 அரசுப் பள்ளிகளின் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளைக் குறிவைத்தது. கருத்தாளர்கள் பள்ளிக்கே வந்து அறிவியல், கணிதச் செய்முறைகளை நடத்துவது அதன் ஏற்பாடு. கருத்தாளர் வருகிற நாளில் ஆசிரியர் வேறு வேலைக்குப் போய்விடாமல் உடனிருந்தால், அந்த ஒரு பாடவேளைச் செய்முறையை ஆண்டு முழுவதும் தாமே நடத்திக்கொள்ளலாம்.

1980-இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் மாவட்டந்தோறும் கிளை பரப்பியுள்ளது. அதன் சிறுவர் மாத இதழான துளிர் 1987 முதல் வருகிறது. பள்ளிக்கு ஒரு சந்தா கட்டினால் வகுப்பில் வாசிக்கவும் செய்து பார்க்கவும் மாதந்தோறும் ஏதேனும் கிடைக்கும். ஆந்திரப் பிரதேசத்தின் குப்பம் நகரில் வளாகம் கொண்ட அகஸ்தியா அறக்கட்டளை நடமாடும் ஆய்வக வண்டிகளுக்குப் பெயர்பெற்றது. உங்கள் பகுதிக்கு வண்டி வருகிறதா என்று கேட்டு எழுதலாம். திருநெல்வேலி மாவட்ட அறிவியல் மையம், திருச்சி அண்ணா அறிவியல் மையம், சென்னை கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கம் போன்றவை சுற்றுலாவுக்கு ஏற்றவை.

ஆனால் நான் அதிகம் பரிந்துரைப்பது பக்கத்திலிருக்கும் கலை அறிவியல் கல்லூரியின் வேதியியல், விலங்கியல் துறைகளைத்தான். அவர்களிடம் நுண்ணோக்கிகள் இருக்கின்றன, நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் இருக்கிறார்கள், சமூகப் பணி என்று அறிக்கையில் எழுத ஒரு நிகழ்ச்சியும் அவர்களுக்குத் தேவைப்படுகிறது. தலைமையாசிரியரின் கையொப்பமிட்ட ஒரு கடிதத்தோடு துறைத் தலைவரை நேரில் பார்த்தால், அரை நாள் ஆய்வகத்தைத் திறந்துவிடப் பெரும்பாலோர் மறுப்பதில்லை.

பள்ளிக்குள்ளேயே இருக்கும் பணம்

வெளியே கை நீட்டும் முன் பார்க்க வேண்டியது ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் (சமக்ர சிக்ஷா) ஆண்டு மானியம். மாணவர் எண்ணிக்கை 30 வரை இருந்தால் 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு இலட்சம் என்பது அதன் விதிமுறை. இதில் குறைந்தது பத்து விழுக்காடு தூய்மைப் பணிக்கு ஒதுக்கப்பட வேண்டும். மீதித் தொகை சுண்ணாம்பு அடிக்கவும் மின்கட்டணம் கட்டவும் மட்டும்தான் என்ற எண்ணம் பல பள்ளிகளில் நிலவுகிறது. ஆனால் மானியத்தின் நோக்கங்களாக விதிமுறை சொல்வனவற்றில் ஆய்வகமும், கற்பித்தல் துணைக்கருவிகளும், தீர்ந்துபோகும் நுகர்பொருள்களும் வெளிப்படையாக இடம்பெற்றுள்ளன. நீங்கள் செய்ய வேண்டியது, முன்னர் தயாரித்த பட்டியலைத் தலைமையாசிரியரிடம் கொடுத்து, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாக வைக்கச் சொல்வது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது அக்குழுவின் பொறுப்பு; அறிவியல் பொருள்கள் அதில் ஒரு வரியாக ஏறிவிட்டால் பிறகு எந்தக் கொடையாளரிடமும் அந்தத் தீர்மானமே முதல் ஆவணமாகும். குழுவில் இருக்கும் தாய்மாரிடம் ஒருமுறை செம்பருத்திச் சோதனையைச் செய்து காட்டிவிட்டு இந்தத் தீர்மானத்தைக் கொண்டுவாருங்கள். வாக்குவாதமே வராது.

மானியம் உரிய காலத்தில் வரும் என்று நம்பி மட்டும் இருந்துவிடவும் கூடாது. 2024-25-இல் ஒன்றிய அரசு இதே திட்டத்தின்கீழ் தமிழ்நாட்டுக்கான 2,152 கோடி ரூபாயை விடுவிக்காததும் அது வழக்கானதும் அனைவரும் அறிந்தது. நுகர்பொருளுக்கான சிறு தொகைக்கு முன்னாள் மாணவர், ஊர்க்காரர் என்று இன்னொரு வழியையும் வைத்திருப்பது நல்லது.

மாணவர் வழியாக வரும் பணமும் உண்டு. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் மானக் திட்டத்தில் ஒரு பள்ளி ஐந்து மாணவர்களின் சிந்தனைகள் வரை இணையத்தில் பதிவு செய்யலாம். தேர்வானால் மாதிரி செய்வதற்காக 10,000 ரூபாய் மாணவரின் வங்கிக் கணக்கிலேயே சேரும். 6-ஆம் வகுப்பு முதல் பங்கேற்கலாம். மேல் வரம்பு அவ்வப்போது திருத்தப்படுவதால் அந்த ஆண்டின் வழிகாட்டு நெறியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பல பள்ளிகள் கடைசி நாளில் இணையத்தில் தேடி எடுத்த 'தானியங்கித் தெருவிளக்கு' போன்றவற்றைப் பதிவு செய்துவிட்டுத் தேர்வாகவில்லையே என்று வருந்துகின்றன. தேர்வாளர்கள் தேடுவது அந்தப் பிள்ளையின் வீட்டிலோ வயலிலோ முளைத்த சிக்கலை. பூக்கட்டும் அம்மாவின் விரல் வலியிலிருந்து தொடங்கும் ஒரு சிந்தனை, எங்கிருந்தோ எடுத்த ரோபோவை முந்திவிடும். ஆண்டு முழுவதும் வகுப்பில் ஒரு பெட்டியை வைத்து, "எங்கள் வீட்டில் எரிச்சலூட்டும் வேலை" என்று எழுதிப் போடச் சொல்லுங்கள். பதிவு தொடங்கும்போது திறந்து பாருங்கள். இதே பெட்டி, 1993 முதல் நடந்துவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கான ஆய்வுத் தலைப்புக்கும் பயன்படும். அதில் பணம் பெரிதாக வராது. ஆனால் மாவட்ட அளவில் ஆய்வு சமர்ப்பித்த பள்ளி என்ற பெயர், பின்னர் எழுதப்போகும் வேண்டுகோள் கடிதத்தில் ஒரு முழு வரியை நிரப்பும்.

வெளியிலிருந்து பெறுவது

தமிழ்நாடு அரசு 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தைத் தொடங்கியது. பள்ளியின் தேவைகள் இணையதளத்தில் இடம்பெறும். தனிமனிதரோ நிறுவனமோ குறிப்பிட்ட பள்ளியைத் தேர்ந்து பணம் அளிக்கலாம். தலைமையாசிரியரின் கையில் ரொக்கம் தருவதைவிட இது கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் பாதுகாப்பு. வருமானவரியில் 80ஜி என்று அறியப்படும் நன்கொடை விலக்கைச் சொல்லிக் கேட்பவர்கள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும்: புதிய வரிமுறையைத் தேர்ந்த தனிநபருக்கு அந்த விலக்கு கிடையாது, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தாலும் கிடையாது. வரியைக் காட்டி ஆசைப்படுத்தாமல் பள்ளியைக் காட்டிக் கேட்பதே மேல். வெளிநாட்டில் வாழும் முன்னாள் மாணவர் இந்தியக் குடியுரிமையோடு இருந்தால் அவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. குடியுரிமையை மாற்றிக்கொண்டவர் அனுப்பினால் கருதப்படும். எவராயினும் ஆசிரியரின் சொந்தக் கணக்குக்குப் பணம் வரக்கூடாது.

நிறுவனங்களிடம் கேட்பதற்கு 2013-ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம் வழி செய்கிறது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர இலாபம் 5 கோடி என்ற மூன்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி இலாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். கல்வி அந்தப் பட்டியலில் உள்ளது; தொழிற்சாலை இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவும் சட்டம் சொல்கிறது. எனவே சென்னையின் பெருநிறுவனத்துக்கு எழுதுவதைவிட, உங்கள் ஊரிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் நூற்பாலையையோ சிமெண்ட் ஆலையையோ அணுகுவது பலன் தரும். நிறுவனங்களின் நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது. அடுத்த ஆண்டுத் திட்டம் வகுக்கும் மாதங்களிலும், செலவாகாத தொகையை முடிக்க வேண்டிய பிப்ரவரி, மார்ச்சிலும் அவர்களிடம் ஆயத்தமான சிறு திட்டங்களுக்குத் தேவை இருக்கும்.

கட்டடமும் மேசையும்தான் உண்மையில் இல்லை என்றால் சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியையும் நாடாளுமன்ற உறுப்பினரின் ஆண்டுக்கு 5 கோடி நிதியையும் நாடலாம். அவை நிலைத்து நிற்கும் சொத்துகளுக்கானவை, அமிலப் புட்டிக்கு உதவா. மாணவர்கள் கருவிகளைத் தாமே செய்து பார்ப்பதற்கான, ஒன்றிய அரசின் நிதி ஆயோக் அமைப்பு நடத்தும் அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டம் 20 இலட்சம் ரூபாய் வரை தந்துவந்தது, அதில் பாதி அமைக்கவும் பாதி ஐந்தாண்டு இயக்கவும். அரசுப் பள்ளிகளில் மேலும் 50,000 ஆய்வகங்கள் அமைக்கப்படும் என்று 2025 பிப்ரவரி வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. விண்ணப்பம் திறக்கும் காலத்தில் மட்டுமே கேட்க முடியும். சமவெளிப் பகுதிக்கு 1,500 சதுர அடி இடம் கேட்டார்கள். இடமும் ஆர்வமுள்ள ஆசிரியரும் இல்லாத பள்ளி இதற்கு ஆசைப்படாமல் இருப்பதே நல்லது. முப்பரிமாண அச்சுப்பொறி தூசி படிந்து நிற்க, பக்கத்து வகுப்பில் வடிதாள் இல்லாத காட்சியை நான் பார்த்திருக்கிறேன்.

கடிதம்

வேண்டுகோள் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. முதல் பத்தியில் பள்ளி, யுடைஸ் எண் (அரசின் தரவுத்தளத்தில் பள்ளிக்கு உரிய எண்), வகுப்பு, மாணவர் எண்ணிக்கை. இரண்டாவதில், எந்தப் பாடத்தின் எந்தச் செய்முறை இப்போது நடக்கவில்லை என்பது. மூன்றாவதில் பொருள்களின் பெயர், எண்ணிக்கை, விலை, மொத்தம். பின்னிணைப்பாக மேலாண்மைக் குழுத் தீர்மானமும் மூன்று கடைகளின் விலைப்புள்ளியும். "நலிந்த ஏழைக் குழந்தைகள்" என்ற சொற்றொடரைத் தயவுசெய்து எழுதாதீர்கள். அந்தக் கடிதம் என்றேனும் அந்தக் குழந்தையின் கண்ணில் படும்.

பட்டியலில் நுகர்பொருளையும் பழுதுபார்ப்பையும் மறக்காமல் சேர்க்க வேண்டும். கொடுப்பவர்கள் தம் பெயர் பொறிக்கத்தக்க நுண்ணோக்கியையே விரும்புகிறார்கள். பல்பு மாற்ற ஆளில்லாமல் அதே நுண்ணோக்கி அடுத்த ஆண்டு அலமாரிக்குப் போகிறது. அதனால் ஒவ்வொரு கருவிக்கும் பக்கத்தில் இரண்டாண்டுக்கு வேண்டிய மாற்று உதிரியையும், ஒவ்வொரு செய்முறைக்கும் ஓர் ஆண்டுக்கான வேதிப்பொருள், வடிதாள், மின்கலம் ஆகியவற்றையும் சேர்த்து ஒரே தொகையாகக் கேளுங்கள். தனியாகக் கேட்டால் மின்கலத்துக்கு யாரும் தரமாட்டார்கள்.

பொருள் வந்த அன்றே இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து, பயன்பாட்டுச் சான்றிதழைக் கேட்கும் முன்பே அனுப்பிவிடுங்கள். பிறகு, இராமன் விளைவின் நினைவாகக் கொண்டாடப்படும் பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளில் கொடையாளரைப் பள்ளிக்கு அழையுங்கள். மாலை, மேடை, வரவேற்புரை எதுவும் வேண்டாம். அவர் வாங்கித் தந்த லென்சைப் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி அவர் கையில் கொடுத்து, சுவரில் விழும் பிம்பத்தின் தொலைவை அவரையே அளக்கச் சொல்லட்டும். புறப்படும்போது அடுத்த சூனுக்கான நுகர்பொருள் பட்டியலை அவரிடம் கொடுக்கலாம்.